கழிவுநீர்த் தொட்டியும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)





இம்மேடையில் இதுவரை புலவர் பெருமக்கள் இலக்கிய விருந்து படைத்தனர். நம் குழந்தைகள் ஆடியும் பாடியும் உள்ளத்தைக் குளிர்வித்தனர். மெட்ரிகுலேஷன் வரையே படித்து, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலந்தள்ளும் எங்களைப் போன்றவர்க்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். எதைப்பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டபோது, "செப்டிக் டேங்க்" என்றோம். அவர் திகைத்துப்போய், "விழாவன்று சாப்பாட்டுக்கு முன்பாகவா?" என்றார். "பின்பு பேசினால் இன்னும் மோசமல்லவா, ஐயா?" என்றோம். சிரித்துக்கொண்டே இசைந்தார். அவர்க்கு எங்கள் நன்றி.

வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் உறைகிணறுகளும் சுடுமண் குழாய்களும் வெளிப்பட்ட செய்தி வந்தபோது நாம் எவ்வளவு பெருமிதம் கொண்டோம்! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நீரை ஒழுங்குபடுத்தி வாழ்ந்தவர் நம் முன்னோர் என்று இதே மண்டபத்தில் கைதட்டினோம். அப்பெருமை தக்கதே. ஆயினும் இன்று ஒரு கேள்வி கேட்கின்றோம். நம் வீட்டுக் கழிவறையில் ஊற்றும் நீர் எங்கே போகின்றது? அது போய்ச் சேரும் தொட்டியைக் கடைசியாகத் திறந்த நாள் எது? விடை கூறவல்லார் இங்கே எத்துணைப் பேர்? சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கும் விடை தெரியாது. தெரியாமையின் விலை என்னவென்று ஒரு நாள் கண்டோம். அதைச் சொல்லவே வந்தோம்.

1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மென்ட்டுக்கு இரயில் பாதை திறக்கப்பெற்றது. அப்பாதை வழியே நம்மவர் பலர் இந்நகர்க்கு வந்தனர். முன்னே வந்தவர்கள் நகரின் நடுவே குடியேறினர். பின்னே வந்த எங்களுக்கோ நகருக்குள் ஒரு சாண் நிலம் வாங்கவும் வகையில்லை. ஆகவே கையிருப்பையும் கடனையும் சேர்த்து, ஒயிட்பீல்டு நிலையத்திற்கு அப்பால், அன்று வயலும் தோப்புமாக இருந்த இடத்தில் முப்பதுக்கு நாற்பது மனை வாங்கி, 2009இல் இருபத்து நான்கு குடும்பத்தார் வீடு கட்டிக்கொண்டோம். ஒசகோட்டை, சர்ஜாபுரம், ஆனேக்கல் பக்கங்களில் வாழும் உங்களிற் பலர் கதையும் இதுவே அன்றோ?

2007ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சி பெருநகராக விரிந்தபோது 110 கிராமங்கள் அதனுட் சேர்ந்தன. நகரத்தின் பெயர் ஒரே நாளில் வந்துவிட்டது. பாதாளச் சாக்கடை அவ்வளவு விரைவில் வரவில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அக்கிராமங்களுக்கு நீர் வழங்கக் காவிரி ஐந்தாங்கட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால் குழாயில் நீர் மிகுந்து வருமாயின், கழிவுநீரும் மிகுந்து போகுமன்றோ? சாக்கடை எட்டாத இடமெல்லாம் அவ்வளவையும் தாங்கவேண்டியது நம் முற்றத்தில் புதைந்து கிடக்கும் தொட்டிதான்.

அத்தொட்டி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை இரயிலைக் கொண்டே விளக்குவோம். முன்னாளில் இரயில் பெட்டிக் கழிவுகள் தண்டவாளத்தின் மேல் விழுந்தன. அதைத் துப்புரவு செய்தவர் பட்ட பாட்டை நாங்கள் நேரிற் கண்டவர்கள். பின்னர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இரயில்வேயும் கூடிப் பெட்டிக்கடியில் ஒரு தொட்டி பொருத்தினர். காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதனுள் இருந்து கழிவைத் தின்று நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. 2016இல் மானாமதுரை – இராமேசுவரம் இடையேயுள்ள 114 கிலோமீட்டர்ப் பாதை, தண்டவாளத்தில் மலம் விழாத முதற் பாதையாயிற்று. நம் தமிழ் மண்ணுக்குக் கிடைத்த பெருமை அது. ஆயினும் பயணிகள் சிலர் அத்தொட்டிக்குள் பிளாஸ்டிக் புட்டியையும் துணியையும் போட்டு அடைத்துவிடுகின்றனர். நுண்ணுயிர் மலத்தைத் தின்னும், புட்டியைத் தின்னுமா?

வீட்டுத் தொட்டியிலும் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள்தாம். உள்ளே வரும் கழிவு ஒரு நாளேனும் அசையாமல் நிற்கவேண்டும். கனமானது கீழே கசடாகப் படியும். எண்ணெயும் நுரையும் மேலே ஏடாக மிதக்கும். நடுவிலுள்ள தெளிந்த நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழி வழியாக மண்ணிற் சேரும். நுண்ணுயிர் எவ்வளவு தின்றாலும் கசடு முழுதும் கரைந்து போவதில்லை. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வரும். அதை எடுக்காவிட்டால் தொட்டி பெயருக்குத் தொட்டியாய் இருக்குமேயன்றி, உள்ளே போன மலம் அப்படியே வெளியேறும்.

இந்த எளிய உண்மை எங்களுக்குத் தெரியவில்லை. வீடு கட்டிய மேஸ்திரி, "இருபது வருஷத்துக்குத் திறக்கவே வேண்டாம், சார்" என்றார். கேட்டு மகிழ்ந்தோம். சமையலறை மேடைக்கு எந்தக் கல் என்று மூன்று கடை ஏறி இறங்கிய நாங்கள், தொட்டியின் குழியை எட்டிப் பார்க்கவும் இல்லை. மேலே சிமெண்டு மூடி போட்டு, அதன்மேல் துளசி மாடம் வைத்தவர்களும் எங்களில் உண்டு.

2017இல் பெங்களூரில் பெருமழை பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மழையில் ஒரு வீட்டுக் கழிவறையில் ஊற்றிய நீர் இறங்காமல் எதிர்த்து வந்தது. மறுநாள் அடுத்த வீட்டிலும் அவ்வாறே. தெருவெல்லாம் சேறு; உறிஞ்சு லாரிக்காரரை அழைத்தால், "வண்டி புதைந்துவிடும், காயட்டும்" என்றார். பொறுக்க இயலவில்லை. ஒருவரிடம் சொல்லி, வாளியும் கயிறுமாக இரண்டு ஆட்களை வரவழைத்தோம். கூலி பேசினோம், பேரமும் பேசினோம். சொல்ல நாணமாக இருக்கின்றது. ஆயினும் சொல்லியே ஆகவேண்டும்.

மூடியைப் பெயர்த்தனர். இருவருள் இளையவர் இடுப்பிற் கயிறு கட்டிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். அவரிடம் மது வாடை வீசியது. அப்போது எங்கள் காலனியின் மூத்த அம்மையார் ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார்.

"தம்பி, எந்த ஊர்?"

"வந்தவாசிப் பக்கம், அம்மா."

"காலையிலேயே குடித்திருக்கிறாயே?"

"குடிக்காமல் இதற்குள் இறங்க முடியாது, அம்மா."

"பிள்ளைகள் உண்டா?"

"இரண்டு பெண்கள்."

அம்மையார் கயிற்றைப் பற்றிக்கொண்டார். "ஏறி வா. எங்கள் வீட்டுக் குழியில் உன்னை இறக்கிவிட்டு, நான் இன்று எந்தக் கையால் சோறு உண்பேன்?" என்றார். இருவருக்கும் திண்ணையில் அமர்த்தி உணவிட்டு, பேசிய கூலியையும் கொடுக்கச் செய்தார். நாங்கள் தலைகவிழ்ந்து நின்றோம். சேறு உலர்ந்து லாரி வர மூன்று நாளாயிற்று. அம்மூன்று நாளும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஒயிட்பீல்டு இரயில் நிலையத்துக் கழிப்பிடத்திற்கு நடந்தோம். தொல்லைதான், ஆயினும் இரு பெண் குழந்தைகளின் தகப்பனுடைய உயிர்க்கு மூன்று நாள் தொல்லை ஈடாகுமா?

அன்று இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம். தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்குகின்றன. மீத்தேன் தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் மிகுந்த அளவில் இருக்கும்போது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று எண்ணும் அக்கணமே ஆபத்தின் உச்சம். முகத்திற் கட்டும் துணி எவ்வகையிலும் காவாது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய தம்பியோ தந்தையோ அவர்மேல் விழுந்து மாய்ந்த செய்திகளை எத்துணை முறை படித்திருக்கின்றோம்! 1993 முதலான அரசுக் கணக்கில் இத்தகைய மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் முன்வரிசையில் நிற்கின்றது. கீழடிக்குக் கைதட்டிய நாம் இதற்கு என்ன செய்வோம்?

பிறப்பைக் காட்டி ஒரு கூட்டத்தார் தலையில் ஏற்றப்பட்ட கொடுமை இது. இங்கிருந்து இரயிலில் சில மணிப் பயணத்தில் உள்ள கோலார் தங்கவயலில், இத்தொழிலில் தள்ளப்பட்ட குடும்பத்தில் 1966இல் பிறந்தவர் பெசவாடா வில்சன் அவர்கள். எடுப்புக் கழிப்பிடங்களை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடிய அவருக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது. தங்கவயல் நம்மவர் உழைப்பால் ஒளிர்ந்த ஊர். அவ்வூரின் பொன்னைப் போற்றும் நாம் இம்மனிதரையும் போற்றவேண்டும்.

சட்டமும் தெளிவாக இருக்கின்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவது குற்றம். முதல் முறைக்கே ஈராண்டு வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ கிடைக்கும். இறந்தவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. "அவரே இசைந்துதானே இறங்கினார்" என்னும் பேச்சு அங்கே செல்லாது. சட்டத்திற்கு அஞ்சியேனும் நாம் திருந்தலாம். அந்த அம்மையாரைப்போல் மனத்திற்கு அஞ்சித் திருந்தினால் இன்னும் நன்று.

அன்பர்களே! லாரி வந்து உறிஞ்சியபின் எங்கள் தொட்டியின் உண்மை உருவம் வெளிப்பட்டது. அது தொட்டியே அன்று. அடித்தளமும் பூச்சும் இன்றிச் சைஸ் கல்லை அடுக்கிய வெறுங்குழி. அதற்கு இருபத்தைந்து அடி தொலைவில் எங்கள் பொது ஆழ்துளைக் கிணறு! நீரைச் சோதிக்கக் கொடுத்தோம். மலத்திலிருந்து வரும் கிருமி அதில் இருந்தது. பெங்களூரின் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்பு வழியே புகும் அழுக்கு வடிகட்டப்படாமல் நெடுந்தூரம் ஓடும். முந்திய ஆண்டு முழுதும் எங்கள் குழந்தைகளுக்கு வந்த வாந்தியையும் பேதியையும் கடைத் தின்பண்டத்தின்மேற் சாற்றினோமே! எங்கள் மலத்தை நாங்களே குடித்திருந்தோம்.

ஆகவே புதிதாய் வீடு கட்டுவோர்க்கு நாங்கள் கற்ற பாடத்தைக் கூறுகின்றோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2470ஆம் எண் விதியில் எல்லா அளவும் உண்டு. ஐவர் வாழும் வீட்டுக்கு நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், நீர் நிற்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் போதும். பத்துப் பேருக்கு நீளம் 2 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர். ஈராண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதானால் ஆழம் 1.4 மீட்டர். தளமும் சுவரும் நீர் கசியாதவாறு பூசப்பட வேண்டும். மேஸ்திரி கணக்கு முடிக்குமுன் தொட்டியில் நீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் பணம் கொடாதீர்கள். நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் 'டீ' வடிவக் குழாய் வேண்டும். இல்லையேல் மேலே மிதக்கும் ஏடு வெளியே ஓடி உறிஞ்சு குழியை அடைத்துவிடும். வாயு போகும் குழாய் வீட்டுக் கூரைக்கு மேல் உயர்ந்து, வாயில் கொசுவலை கட்டியிருக்க வேண்டும். மழைநீர்க் குழாயைத் தொட்டியில் விடவே கூடாது.

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது அறுபதடியேனும் வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் அறுபதடிக்கு எங்கே போவது? ஆகையால் அண்டை வீட்டாரோடு கலந்து பேசாமல் ஒருவர் கிணறு வெட்டுவதும் மற்றொருவர் குழி வெட்டுவதும் ஆகாது. மண் நீரை ஏற்குமா என்பதையும் முன்னரே அறியலாம். ஒரு சிறு குழி தோண்டி நீரூற்றி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடங்களில் ஓர் அங்குலம் இறங்கினால் நல்ல மண். ஒரு மணி கடந்தும் இறங்காவிட்டால் அங்கே உறிஞ்சு குழி பயன்படாது.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். எண்ணெயும் கொழுப்பும் குழந்தைகளின் டயப்பரும் துணியும் தொட்டிக்குப் போகாமற் பாருங்கள். கழிவறை பளபளக்க ஆசிட்டைக் குடம் குடமாய் ஊற்றினால், நமக்காக உழைக்கும் நுண்ணுயிரும் மாண்டுபோகும்.

ஆண்டுக்கொருமுறை மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். திறந்தவுடன் குனியாதீர், அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். பீடியோ விளக்கோ அருகே கூடாது; தலையை உள்ளே நீட்டல் கூடாது; குழந்தைகளை விலக்குங்கள். நீண்ட கோலில் வெள்ளைத் துணி சுற்றி, வெளியே நின்றபடி அடிவரை விட்டு எடுத்தால், கசடு எவ்வளவு உயரம் நிற்கின்றது என்பதைத் துணியின் கறையே காட்டும். மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தால் லாரியை அழைக்கும் காலம் வந்துவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை இது தேவைப்படும். முழுதும் வழித்தெடுக்க வேண்டா. பாலுக்கு உறைமோர் போலச் சிறிது கசடு நின்றால் நுண்ணுயிர் மீண்டும் பெருகும். குழாய் அடைத்தாலும் சுவர் வெடித்தாலும், முதலில் இயந்திரத்தால் வெறுமையாக்கிப் பழுது பார்க்கவேண்டும். வெறுமையான தொட்டியிலும் வாயு நிற்கும். ஆகவே உரிய கருவிகளும் பயிற்சியும் உடையோரிடமே அப்பணியை ஒப்படைக்க வேண்டும்.

லாரி உறிஞ்சிக்கொண்டு போனது எங்கே போகின்றது என்றும் கேளுங்கள். ஏரியிற் கொட்டப்படுமாயின் நம் பாவம் தீரவில்லை. கழிவுநீர் கலந்த பெள்ளந்தூர் ஏரியில் 2015இலும் 2017இலும் தீப்பற்றியதை உலகமே கண்டது. நல்வழியும் நம் அருகிலேயே உண்டு. பாதாளச் சாக்கடையில்லாத தேவனஹள்ளியில் 2015இல் மலக்கசடுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. இந்நாட்டில் இத்தகைய முயற்சிகளுள் முன்னோடியானது அது. அங்கே லாரிகள் கொண்டுவந்த கசடு புளிக்கவைக்கப்பெற்று, மணற்படுகையில் உலர்த்தப்பெற்று, குப்பையோடு சேர்ந்து எருவாகி, உழவர் வயலுக்குப் போயிற்று. நாம் உண்டது மண்ணிலிருந்து வந்தது. மீண்டும் மண்ணுக்கே போவதுதானே முறை?

இறுதியாக, எழுத்தர்களாகிய நாங்கள் காலனிக்குச் செய்த ஒரு சிறு பணியைக் கூறி முடிக்கின்றோம். இரயில் பெட்டியின் மேல் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும், பலர் கவனித்திரார். கடைசியாகப் பராமரிக்கப்பட்ட நாளும் அடுத்த பராமரிப்புக்குரிய நாளும் அங்கே எழுதப்பட்டிருக்கும். நாள் கடந்த பெட்டியை யாரும் "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று விட்டுவிடுவதில்லை. அவ்வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆளுக்கொரு பங்கிட்டுப் பழைய குழிகளை மூடிவிட்டு விதிப்படி தொட்டி கட்டினோம். கழிவுநீர் கிணற்றுக்கு அறுபதடி தள்ளிச் சேரும்படி செய்தோம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், தொட்டிக்கு நேர் மேலே, திறந்து பார்த்த நாள், கசடு எடுத்த நாள், அடுத்து எடுக்கவேண்டிய நாள் மூன்றையும் வண்ணத்தில் எழுதினோம். சங்கத் தொகை கேட்கும் நோட்டிலேயே தொட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். மாதம் ஒரு சிறு தொகை சேர்வதால், லாரி வரும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை. எந்த வீட்டிலும் நிரம்பி வழியும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே எவரையும் கயிறு கட்டி இறக்கவேண்டிய தேவையே எழவில்லை. கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதிக்கின்றோம்; இன்றளவும் குழந்தைகள் அதன் பின் நலமாக உள்ளனர்.

தொட்டியை மூடியதும் கடமையையும் மூடிவிட்டோம் என்று நாம் எண்ணினோம். பிழை அங்கேதான் தொடங்கிற்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நாம் விட்ட வேலையை வேறொருவன் தன் உயிர் கொடுத்து முடிக்க நேர்கின்றது. அவன் நம் மொழி பேசுபவனாகவும் இருக்கக்கூடும். நம்மைப்போல் பிழைப்பைத் தேடி வந்தவன்.

பெருமக்களே! விழா முடிந்து வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். தொட்டி எங்கே இருக்கின்றது என்று கண்டுபிடியுங்கள். அதன்மேல் துளசி மாடம் இருந்தால் பக்குவமாய் நகர்த்தி வையுங்கள். சுவரில் ஒரு தேதி எழுதுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் "எங்கள் வீட்டிலும் எழுதிவிட்டோம்" என்று பத்துக் குடும்பத்தார் வந்து சொன்னால், இவ்வுரை பயனுற்றதென மகிழ்வோம்.

 சாப்பாடு காத்திருக்கின்றது.